பழைய ஷெவெலில் பிரேக் பிடித்துக்கொள்வதும் பூஸ்டர் புஷ்ராடு நீளமும்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வண்டி 1970 செவர்லே ஷெவெல் மாலிபு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் (என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் டப்பா) இல்லாமல் ஃபேக்டரியிலிருந்து வந்தது. இப்போது முன்பக்க டிஸ்க், வேக்குவம் பூஸ்டர், புது மாஸ்டர் சிலிண்டர் (மிதிப்பதை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) மூன்றும் அடங்கிய கிட் வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். கிளம்பும்போது பிரேக் அருமையாக இருக்கிறது. கால் மணி நேரம் ஓடியதும் பெடல் மேலேறிக் கல் மாதிரி ஆகிறது, முன்சக்கரம் இரண்டும் இழுக்கிறது, வீலில் கை வைக்க முடியாத சூடு. ஓரங்கட்டி ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே தள்ளும் கம்பியாக கிட்டில் வந்த புஷ்ராடின் முனையில் மரை இருக்கிறது, ஆனால் எவ்வளவு நீளம் வைக்க வேண்டும் என்று தாளில் எதுவும் இல்லை. "எத்தனை அங்குலம்?" என்பது கேள்வி.

இத்தனை அங்குலம் என்று ஒற்றை எண் உங்கள் வண்டிக்குச் சொல்ல முடியாது. பூஸ்டர் ஒருவர் செய்தது, மாஸ்டர் சிலிண்டர் இன்னொருவர் வார்த்தது, பிராக்கெட் மூன்றாமவர் வெட்டியது. இப்படிச் சேர்ந்த கூட்டணியில் ராடின் நீளம் எதையும் சொல்லாது. பிரேக் மிதிக்காதபோது ராடின் முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே கணக்கு. கிட் போட்ட அமெரிக்கக் கார்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். ஃபோர்டு போன்ற நிறுவனத்தால் நிலையான எண் கொடுக்க முடிந்தது: பென்டிக்ஸ் நிறுவனத்தின் பூஸ்டர் உள்ள அவர்களுடைய பல வண்டிகளில் பூஸ்டரின் முகத்திலிருந்து ராடு 0.980 முதல் 0.995 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பாகமும் அவர்கள் வரைபடப்படி வந்ததால் அது சாத்தியம். அந்த எண்ணை எடுத்து ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லேயின் தாய் நிறுவனம்) வண்டியில் வைப்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள்.

முதலில் எந்த ராடைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பூஸ்டரில் இரண்டு ராடுகள். ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) உள்ளே, பெடலில் பின் போட்டு மாட்டுவது ஒன்று. பூஸ்டருக்கு முன்னால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளுவது மற்றொன்று. உள்பக்க ராடு நீளமானாலும் முன்பக்க ராடு நீளமானாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு. உள்பக்க ராடு நீளமாகிப்போனால் பெடலை யாரோ லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போன்ற நிலை. பூஸ்டரின் வால்வு முழுதாக மூடாது. என்ஜின் ஓடும்போதெல்லாம் பூஸ்டர் தானாகவே கொஞ்சம் பிரேக் போடும், காலடியில் காற்று சீறும் சத்தமும் கேட்கலாம். என்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்ததும் சக்கரம் விட்டுவிட்டால் சந்தேகம் உள்பக்க ராடு மீதோ பூஸ்டர் வால்வு மீதோதான். என்ஜின் அணைத்த பிறகும் இழுத்தால் முன்பக்கம் பாருங்கள்.

முன்பக்க ராடு அரை மில்லிமீட்டர் கூடினால் ஏன் இத்தனை அமர்க்களம் என்று கேட்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் அடிப்பரப்பில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு துளைகள் தெரியும். ஒன்று பெரியது. இன்னொன்று ஊசி நுழையும் அளவு. அந்தச் சின்னத் துளைதான் இந்தக் கதையின் நாயகன். பிரேக் மிதிக்காதபோது பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். அப்போது பைப், டிஸ்கைக் கவ்வும் காலிப்பர், மேலே ஆயில் நிற்கும் ரிசர்வாயர் மூன்றும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். ஓட்டத்தில் காலிப்பர் சூடாகி ஆயில் விரிந்தால் விரிந்த ஆயில் அந்தத் துளை வழியாக மேலே வந்துவிடும். மிதித்ததும் கப் ஒரு மில்லிமீட்டர் அளவு முன்னேறித் துளையை மூடும். அதன் பிறகுதான் அழுத்தமே உருவாகும்.

ராடு நீளமாக இருந்தால் கப் எப்போதும் துளையை மறைத்தபடியே நிற்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது இது தெரியாது. சொல்லப்போனால் பெடல் இன்னும் நன்றாக இருக்கும், தொட்டதும் பிடிக்கும். "இப்பத்தான் சரியா செட் ஆச்சு" என்று தோன்றும். சில கிலோமீட்டர் போனதும் ஆயில் விரியும். போக வழியில்லாமல் பேடை டிஸ்கின் மேல் தள்ளும். பேடு உரசிச் சூடேற, ஆயில் மேலும் விரிய, மேலும் தள்ள, கடைசியில் சக்கரம் இறுகும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் 140 டிகிரிதான். அதைத் தாண்டிக் கொதித்தால் கல்லாக இருந்த பெடல் அப்படியே தரைக்குப் போகும். நீங்கள் இதுவரை ஓரங்கட்டி ஆறவிட்டது நல்ல காரியம். சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ராடு குட்டையாக இருந்தால் என்ன நட்டம்? பூஸ்டர் உள்ள ஜிஎம் வண்டியில் பெடலின் நெம்புகோல் விகிதம் ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. ஆக, இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் பெடலில் 2 மில்லிமீட்டர் வீண் ஆட்டம், காலுக்கே தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் பெடலில் 6. அதுவும் பொறுக்கக்கூடியதுதான். மூன்று நாலு மில்லிமீட்டர் போனால்தான் பெடல் தாழ்ந்து, மிதித்ததும் "டொக்" என்று ராடு பிஸ்டனில் மோதுவது தெரியும். அதனால் என் அபிப்பிராயம்: கை தடுமாறினால் குட்டைப் பக்கமாகத் தடுமாறட்டும். பெடலில் ஆட்டமே இருக்கக்கூடாது என்று ஆசைப்பட்டு ராடை நீட்டுகிறவர்கள்தான் சாலையோரம் புகையோடு நிற்கிறார்கள்.

ஆனால் ராடைத் தொடும் முன் குற்றவாளி அதுதானா என்று உறுதிசெய்யுங்கள். வண்டி சூடாகி இழுக்கும் அந்த நேரமே இதற்கு ஏற்ற நேரம், ஆறிவிட்டால் தடயம் போய்விடும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். என்ஜினை அணைத்து, மேலே சொன்னபடி வேக்குவத்தைத் தீர்த்த பிறகும் சக்கரம் கையால் சுற்றவில்லை என்றால் பெடலைக் கால்விரலால் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். அப்போது சக்கரம் விட்டுவிட்டால், பெடல் தானாக முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். பிரேக் லைட் சுவிட்ச் முன்னுக்குத் தள்ளியிருந்து பெடலைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். அற்பமான விஷயம், ஆனால் பல பட்டறைகளில் இதைக் கண்டுபிடிக்காமல் காலிப்பரை மாற்றியிருக்கிறார்கள்.

அதிலும் விடவில்லையா? மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரில் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நகரவிடுங்கள். சக்கரம் விட்டுக்கொடுத்தால் முன்பக்க ராடு நீளம் என்பது நிரூபணம். அப்போதும் விடவில்லை என்றால் ராடை மறந்துவிடலாம். சிலிண்டரிலிருந்து முன்பக்கம் போகும் பைப் நட்டை லேசாகத் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு சக்கரம் விட்டால் அழுத்தம் சிலிண்டருக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் அந்த வாயில் மாட்டப்பட்டால் பேடு எப்போதும் தேய்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு சாத்தியம், யாராவது ரிசர்வாயரில் என்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றி, ரப்பர் கப் ஊதிப்போய்த் துளையை மூடியிருப்பது. பைப்பைத் திறந்தும் விடாமல் காலிப்பரின் பிளீடரை (காற்று வெளியேற்றும் திருகு) திறந்ததும் விட்டால் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கிறது. பிளீடரும் பலிக்கவில்லை என்றால்தான் காலிப்பர் மாட்டிக்கொண்டது. உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுக்கிறது என்பதால் காலிப்பருக்கும் ஹோஸுக்கும் வாய்ப்பு குறைவு.

நட்டுத் தளர்த்தியதும் விட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சிலிண்டரைக் கழற்றியதும் பிஸ்டனின் பின்முனைக் குழியைப் பாருங்கள். பூஸ்டர் இல்லாத வண்டிக்கான சிலிண்டரில் இந்தக் குழி ஆழமாக, ஏறத்தாழ இரண்டு அங்குலம் இருக்கும். பெடலிலிருந்து நேராக வரும் ராடு நழுவி விழக்கூடாது என்பதற்காக. பூஸ்டருக்கான சிலிண்டரில் குழி மேலோட்டமாக இருக்கும். கிட்டுகளில் இந்த இரண்டும் மாறி வருவது சகஜம். ஆழக் குழியில் குட்டை ராடைப் போட்டால் பெடல் பாதிக்குமேல் வெறுமனே இறங்கும். மேலோட்டக் குழியில் நீள ராடைப் போட்டால் சிலிண்டர் பூஸ்டரோடு உட்காரவே உட்காராது, நட்டை முறுக்கித்தான் உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் கிட்டில் இரண்டு ராடுகள் வந்திருந்தால் எது எதற்கு என்று இப்போதே பொருத்திப் பாருங்கள். மரையைத் திருகிச் சரிக்கட்டக்கூடியது சில மில்லிமீட்டர்தான், அங்குலக்கணக்கில் இடிக்கிறது என்றால் பாகமே தவறு.

இனி அளவெடுப்பது. ஆழம் அளக்கும் வால் உள்ள வெர்னியர் ஒன்றும், நேரான ஸ்டீல் பட்டை ஒன்றும் போதும். மாஸ்டர் சிலிண்டரின் பின்னால் ஒரு வளையம் பூஸ்டருக்குள் நுழையும்படி துருத்திக்கொண்டிருக்கும். அளவை அந்த வளையத்தின் விளிம்பிலிருந்து எடுக்கக்கூடாது. போல்ட் துளை இருக்கும் தட்டையான ஃபிளாஞ்ச் முகம்தான் கணக்கு, ஏனென்றால் அதுதான் பூஸ்டரைத் தொடுகிறது. அந்த முகத்திலிருந்து, பிஸ்டன் குழியில் ராடு முனை போய் உட்காரும் இடம்வரை எவ்வளவு ஆழம் என்று எடுங்கள். பிறகு பூஸ்டர் முகத்தின் மேல் பட்டையை வைத்து, ராடு முனை அந்த முகத்தைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று எடுங்கள். எடுக்கும்போது ராடை விரலால் பூஸ்டருக்குள் மெதுவாக அழுத்தியே வையுங்கள், அது லேசாக முன்னால் மிதந்து பொய்யளவு காட்டும். பட்டையின் கனத்தைக் கணக்கில் கழிக்கவும், நடுவில் கேஸ்கெட் இருந்தால் அதன் கனத்தை ஆழத்தோடு சேர்க்கவும் மறக்கக்கூடாது. ஆழம் 12.0, ராடு 12.6 என்று வந்தால் ராடு 0.6 மில்லிமீட்டர் நீளம், பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வேண்டிய அரை மில்லிமீட்டரையும் சேர்த்து 1.1 குறைக்க வேண்டும்.

மரை அங்குலத்துக்கு 28 என்றால் ஒரு முழுச்சுற்று 0.9 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 என்றால் 1.06. மேலே சொன்ன உதாரணத்தில் 28 மரை ராடை ஒன்றே கால் சுற்று உள்ளே திருக வேண்டும்.

வெர்னியர் கணக்கை மட்டும் நான் நம்புவதில்லை. ராடு முனை உருண்டையாகவும் பிஸ்டன் குழி கூம்பாகவும் இருந்தால் இரண்டும் தொடுவது நடுவில் இல்லை, ஓரத்தில். அங்கே வெர்னியர் வால் போகாது. அதற்குக் குழந்தைகள் விளையாடும் கிளே நல்ல வைத்தியம். மிளகளவு உருட்டி ராடு முனையில் ஒட்டி, குழியில் ஒட்டாமலிருக்க அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்றை வைத்து, சிலிண்டரை மாட்டி இரண்டு நட்டையும் முழுதாக இறுக்குங்கள். பெடலைத் தொடாதீர்கள். கழற்றினால் கிளே தட்டையாகியிருக்கும். பிளேடால் நடுவே வெட்டி, மிச்சமிருக்கும் கனத்தைப் பாருங்கள்: போஸ்ட்கார்டு இரண்டை அடுக்கினால் வரும் கனம் இருந்தால் சரி. வழித்தெடுத்தது போல் முனையின் உலோகம் வெளியே தெரிந்தால் இடைவெளி இல்லை. பிறகு கிளேயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிடுங்கள், ஒரு துணுக்குகூட உள்ளே தங்கக்கூடாது.

கிளே இல்லை என்றால் இன்னொரு வழி: ராடை வேண்டுமென்றே நீட்டி, சிலிண்டரைக் கையால் லேசாகப் பிடித்தால் ஃபிளாஞ்சுக்கும் பூஸ்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி செய்யுங்கள். அந்த இடுக்கை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து, அந்த அளவோடு அரை மில்லிமீட்டரைக் கூட்டி, அவ்வளவு ராடைக் குறைத்தால் முடிந்தது. கையால் அழுத்தும்போது பிஸ்டன் ஸ்பிரிங் அமுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் இதில் சூட்சுமம்.

ராடைத் திருகும்போது தண்டை பிளையரால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு முனையை மட்டும் திருப்புங்கள். முனை இறுக்கமாகத்தான் திரும்பும், தளராமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். எண்ணெய் போட்டு இளக்க வேண்டாம். லாக் நட் இருந்தால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்துவிடுங்கள், இறுக்கும்போது கொஞ்சம் நகரும். ராடை வெளியே உருவாதீர்கள். பல பூஸ்டர்களில் ராடின் பின்முனையில் ரப்பர் வில்லை ஒன்று வெறுமனே உட்கார்ந்திருக்கும். ராடை இழுத்தால் அது கழன்று பூஸ்டர் வயிற்றுக்குள் விழும். விழுந்தது தெரியாமல் மாட்டினால் நீங்கள் எடுத்த அளவெல்லாம் பொய், பிரேக்கும் தொட்டால் கவ்வும். பழைய ஜிஎம் ஒரிஜினல் பூஸ்டர்களில் பெரும்பாலும் ராடில் மரையே இருக்காது. அளவு தவறினால் சரிசெய்யக்கூடிய சர்வீஸ் ராடு வாங்கிப் போடச் சொன்னது ஜிஎம். அந்த ராடை அரத்தால் தேய்த்துக் குறைப்பதையோ, சிலிண்டருக்குப் பின்னால் வாஷர் கொடுத்து இடைவெளி உண்டாக்குவதையோ நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோதனைக்காக ஒரு மணி நேரம் வாஷர் போட்டுப் பார்க்கலாம், நிரந்தரமாக விடக்கூடாது. சில பூஸ்டர்களில் வேக்குவம் கசியும், சிலிண்டர் நேராகவும் உட்காராது.

அரை மில்லிமீட்டர் ஏன், பூஜ்யமே வைத்தால் என்ன என்று துல்லிய விரும்பிகள் கேட்பார்கள். என்ஜின் ஓடும்போது பூஸ்டர் உள்ளே 20 அங்குலப் பாதரச வேக்குவம் என்று வையுங்கள். 11 அங்குல விட்டமுள்ள முன்தகட்டின் மேல் வெளிக்காற்று அழுத்துவது ஏறக்குறைய 420 கிலோ எடை. தகடு லேசாக உள்வாங்கும், அதோடு மாஸ்டர் சிலிண்டரும் ராடை நோக்கி வரும். மேஜையில் பூஜ்யமாக வைத்த இடைவெளி வண்டியில் கழித்தல் ஆகிவிடும். ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்களில் பூஸ்டருக்கு 500 மில்லிமீட்டர் பாதரச அளவு வேக்குவம் கொடுத்த நிலையிலேயே 0 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான். உங்களிடம் கை வேக்குவம் பம்ப் இல்லாதவரை அரை மில்லிமீட்டரில் பேராசைப்பட வேண்டாம்.

மாட்டும் முன் பெடலையும் ஒரு பார்வை பாருங்கள். ஜிஎம் பெடல்கள் பலவற்றில் ராடு மாட்ட இரண்டு துளைகள் இருக்கும்: மேலே உள்ளது பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று விகிதம், கீழே உள்ளது பூஸ்டருக்கு. பழைய துளையிலேயே மாட்டியிருந்தால் ராடு கோணலாகப் போய் பூஸ்டர் முழுதாகத் திரும்பாமல் மாட்டும். கீழ்த்துளையில் மாட்டி, பெடலில் 3 முதல் 6 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி உள்பக்க ராடைச் சரிசெய்து, அதன் பிறகு பிரேக் லைட் சுவிட்சை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி பிளீடிங் முடிந்ததும் கடைசித் தீர்ப்பு ரிசர்வாயரில்தான். மூடியைத் திறந்து வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்து பெயிண்ட் மேல் ஈரத்துணி விரித்து, உள்ளே உட்கார்ந்திருப்பவரை பெடலை மெல்ல, ஒரு விரற்கடை மட்டும் அமுக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் துளைக்கு நேர் மேலே ஆயில் ஒரு குமிழிபோல் எழும்பும் அல்லது நூல் போல் பீச்சும். பெடலின் முதல் அசைவிலேயே அது வர வேண்டும். துளை திறந்திருந்தது, இப்போதுதான் கப் அதைக் கடக்கிறது என்று அர்த்தம். ஆயில் அசையவே இல்லை என்றால் துளை ஏற்கெனவே மூடியிருக்கிறது, இன்னும் கால் சுற்றுக் குறையுங்கள். பெடல் நிறைய இறங்கிய பிறகு எழும்பினால் இடைவெளி அதிகம். இதையே என்ஜின் ஐடிலில் ஓடும்போதும் ஒருமுறை செய்யுங்கள். தகடு உள்வாங்கிய நிலையிலும் குமிழி வந்தால்தான் சரி. வேகமாக மிதித்தால் ஆயில் முகத்தில் அடிக்கும், அதை உள்ளிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு அரை மணி நேரம், நெரிசலில்லாத சாலையில், அடிக்கடி நின்று கிளம்பும்படி ஓட்டுங்கள். திரும்பி வந்து, சூடு ஆறுவதற்குள் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேடு லேசாக உரசும் சத்தம் டிஸ்கில் இயல்பு, ஒரு கைத்தள்ளில் ஒரு சுற்றாவது போனால் போதும். வண்டி சூடாக இருக்கும்போது பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதும் மேலேறியிருந்தால் இந்த முறை சிலிண்டர் வாயில் இருக்கும் என்று முன்பு சொன்ன டிரம் வால்வைத் தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டரை வாங்கிய இடத்தில் டிஸ்க்–டிரம் சேர்க்கைக்கானதுதானா என்று பாக எண்ணைக் காட்டிக் கேட்டால் பாதி வேலை மிச்சம்.